பின் சக்கரத்துப் பிடி

மலை இறங்கும்போது பிரேக் மிதிக்கும் காலை நம்பாதே, எதையோ நம்பு என்று லாரி ஓட்டிய அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார். எதை என்பதுதான் செங்கோடனுக்கு மறந்துவிட்டது. அதனால் பிரேக்கை நம்புவதென்று முடிவு கட்டினான்.

ஏர்க்காட்டில் வாழ்க்கைப்பட்ட மகள் தேன்மொழிக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கீழே பிறந்த வீட்டுக்கு அழைத்து வர வேண்டும்.

"இங்கயே பெத்துக்கறேம்ப்பா. டாக்டரம்மா பழகிட்டாங்க, அவரும் கூட இருப்பாரு" என்று அவள் போனில் சொல்லிப் பார்த்தாள்.

"தலைப்பிரசவத்துக்கு நீ நம்ம வீட்டுலதான் இருக்கோணும்" என்று போனை வைத்துவிட்டான்.

மஸ்கட்டிலிருந்து திரும்பியபின், மலையடிவார வண்டிப் பட்டறையில் நிஃமத் பாயிடம் அவன் தொழில் பழகிக்கொண்டிருந்தான். சீடனைவிடக் குரு வயதில் இளையவர். தன் பழைய அம்பாசிடரின் பின் சக்கரங்களிலும் பழைய டிரம் பிரேக்கைக் கழற்றி, அதைவிடக் கெட்டியாகப் பிடிக்கும் டிஸ்க் பிரேக் மாட்டினான். ஹேண்ட் பிரேக் கேபிளையும் அளந்து இழுத்துக் கட்டினான்.

"பாய், நாலு சக்கரத்துலயும் டிஸ்க். இனி நெனச்ச எடத்துல நிக்கும்."

"நிக்குமா?" பாய் கையைத் துடைத்துக்கொண்டு பின் சீட்டில் ஏறினார். "உங்க பொண்ணு உக்கார்ற எடம் இதுதானே? ஓட்டுங்க."

பக்கத்து மில்லுக்குப் பின்னால் காலி மைதானம். காலையில் பெய்த மழை தரையில் காயவில்லை.

"இப்பப் புடிங்க."

செங்கோடன் மிதித்தான். வால் பக்கம் வழுக்கிச் சுற்றியது. வண்டி, வந்த வழியைப் பார்த்து நின்றது. பாய் இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தார். தொப்பி முன் சீட்டில் கிடந்தது.

"நல்லாத்தான் புடிக்குது" என்றார். "பட்டறைக்கே திரும்பிப் போகலாம்னு பாக்குதோ என்னவோ."

"புடி பத்தலீங்களா பாய்? இன்னும் பெரிய டிஸ்க்கா..."

"வேணாம். பின் சக்கரத்துக்குப் போற பிரேக் லைன்ல ஒரு வால்வு போட்டு அழுத்தத்தக் கொறைங்க."

செங்கோடனுக்குப் பொறுக்கவில்லை. "இத்தன பாடுபட்டு டிஸ்க்கப் போட்டுட்டு, அது புடிக்காம இருக்க ஒரு வால்வா? டிரம்மே இருந்திருக்கலாமே!"

"பிரேக் போட்டா வண்டி எந்தப் பக்கம் சாயும்?"

"முன்னால."

"கனம்?"

"அதுவும் முன்னால போயிரும்."

"பின்னால?"

"லேசாயிரும்."

பாய் எட்டித் தொப்பியை எடுத்துத் தட்டிப் போட்டுக்கொண்டார்.

"கனம் அந்தப் பக்கம் போனப்புறம் இந்தப் பக்கம் கெட்டியாப் புடிச்சா, நிக்காதுண்ணே. திரும்பிக்கும்."

செங்கோடன் ஸ்டியரிங்கை இறுக்கியிருந்த பிடியைத் தளர்த்தி, வண்டியைப் பட்டறைக்குத் திருப்பினான்.

அன்றே வால்வு மாட்டினான். ஞாயிற்றுக்கிழமை மனைவியை மேலே கூட்டிப்போய் பிரசவத்துக்குத் துணையாக மகள் வீட்டில் விட்டுவிட்டு, அப்பா நம்பச் சொன்ன கியரை நம்பித் தனியாக மலை இறங்கினான்.