நான்காவது ஒயர்

"ஒரே தொட்டியிலிருந்து நாலு குழாய் போனா, ஒழுகறது எப்பவும்…" என்று மாமனார் ஏதோ சொல்வார். மிச்சம் ஒயர்மேன் ஞானசேகரனுக்கு நினைவில்லை. வெளியே சாரல் பட்டும் படாமலும் விழுந்துகொண்டிருந்தது. சுவரிலிருந்த நெட் பெட்டியின் பச்சை விளக்கு, கனவு காணும் இமைபோலத் துடித்தது. வீட்டுக்கு அது ஒன்றுதான் இணைப்பு. கீழே ஒரு கம்ப்யூட்டர், மாடியில் மூன்று.

"நான் ஆத்தையே பங்கு போட்ட என்ஜினியர். என் நெட்டைக் குடிக்கறது யாருன்னு எனக்குத் தெரியாதா? மாடி ஒயர் மூணையும் அறுத்துடு" என்றார் வீட்டுக்காரர் தணிகாசலம்.

மாடியில் குடியிருந்த ரெஹானா படியிலேயே நின்றுவிட்டாள். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வழியாகக் கணக்குச் சொல்லிக்கொடுத்துத்தான் அவளும் இரண்டு தங்கைகளும் பிழைக்கிறார்கள்.

"அறுத்துடலாம் சார். நெட் ஓடினாத்தான் இந்த விளக்கு துடிக்கும். எந்த ஒயரைக் கழட்டினா அது அடங்குதோ, அதைத்தானே அறுக்கணும்?" என்றான் ஞானசேகரன்.

"அதைத்தான். அதை மட்டும் விடாதே."

மாடி ஒயர்களை ஒவ்வொன்றாக உருவினான். மூன்றும் போயின. விளக்கு இன்னும் துடித்தது. நான்காவதை உருவியதும் கண்ணயர்ந்தது.

"இது எங்க சார் போகுது?"

அது தணிகாசலத்தின் அறைக்குள் போனது. அவருடைய கம்ப்யூட்டரிலிருந்து எழுநூறு பேருக்குப் போய்க்கொண்டிருந்த ரோஜாப்பூ 'காலை வணக்கம்' வீடியோ, பாதி வழியில் நின்றிருந்தது.

"அறுக்கட்டுமா சார்?"

தணிகாசலம் சாரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் தினம் அனுப்பறீங்க சார்" என்றாள் ரெஹானா. "திறக்கத்தான் மாட்டேங்குது."

நாளையிலிருந்து காலை வணக்கத்தை மாடியேறிப் போய் நேரில் சொல்வதென்று தணிகாசலம் முடிவு செய்தார்.