இன்னும் கொஞ்சம்தான்

"அந்தப் பாய் தேறமாட்டாரு மேடம். தொடுறதுக்கு முந்தியே கையை இறுக்கிக்கிடுதாரு."

முறையிட்டவர் ஏசுவடியான். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று, நரைத்த மீசையோடு பிசியோதெரபி படிக்க வந்தவர். அவருக்குச் சொல்லிக்கொடுக்கும் பூங்கோதைக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும்.

பாய் என்றது மைதீன் பிச்சையை. பரோட்டா மாஸ்டர். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து வலது முழங்கை முறிந்துவிட்டது. எலும்பு கூடிவிட்டது, கைதான் மடங்கவில்லை. சோற்றைப் பிசையலாம், வாய்க்குக் கொண்டுபோக முடியாது. பேரப்பிள்ளைகள் பார்க்க மனைவி ஊட்டிவிடுகிறார்.

நாளை முதல் வரமாட்டேன், கை இப்படியே கிடக்கட்டும் என்று அவர் அன்று காலை சொல்லிவிட்டார். இப்போது விட்டால் கை அப்படியேதான் கிடக்கும். ஏசுவடியானுக்கு அது தெரியும். அதனால்தான் அவருக்கு அத்தனை கோபம்.

அவர் போதும் என்று சொன்னால் என்ன செய்வீர்கள் என்று பூங்கோதை கேட்டார்.

"இன்னும் கொஞ்சம்தான்னு சொல்லி மடக்குவேன். அடியாத மாடு படியாதுல்லா?"

பூங்கோதை காலியாக இருந்த கட்டிலைத் தட்டிக் காட்டினார்.

"படுங்க அண்ணாச்சி."

ஏசுவடியான் மல்லாந்து படுத்தார். பூங்கோதை அவருடைய வலது காலை முழங்கால் மடங்காமல் மெல்ல உயர்த்தினார். வயதான கால் எவ்வளவு தூரம்தான் உயரும்? தொடையின் பின்பக்கம் கயிறாக இழுத்தது.

போதும் மேடம் என்றார் ஏசுவடியான்.

"இன்னும் கொஞ்சம்தான்."

கால் மேலே போனது. பட்டாளத்துக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

பூங்கோதை காலை இறக்கினார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் உயர்த்தினார். இந்த முறை பாதி தூரம்கூடப் போகவில்லை. வலிக்கிற இடம் இன்னும் வரவே இல்லை. அதற்குள் தொடை கட்டையாகிவிட்டது.

தளர்த்துங்கள் என்றார் பூங்கோதை.

"தளர்த்திட்டேன் மேடம்."

பூங்கோதை இரண்டு கைகளையும் எடுத்துவிட்டார்.

கால் விழவில்லை. யாரும் பிடிக்காமல் அந்தரத்தில் நின்றது.

பக்கத்துக் கட்டிலில், வீட்டுக்குக் கிளம்ப உட்கார்ந்திருந்த மைதீன் பிச்சை சத்தமாகச் சிரித்துவிட்டார். பாவம், அந்த மனுஷன் அந்த அறையில் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"தளர்த்தியாச்சுன்னா, இதை யாரு தாங்கிக்கிட்டு இருக்கா?"

ஏசுவடியான் தன் காலையே பார்த்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது.

"நீங்க எங்க நிப்பாட்டுவீங்கன்னு தெரியலையே மேடம்."

பூங்கோதை அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார்.

ஏசுவடியான் எழுந்து மைதீன் பிச்சையின் முன்னால் போய் நின்றார். இன்றைக்கு ஒருநாள் மட்டும் கையைக் கொடுங்கள் என்று கேட்டார். போதும் என்று சொல்லும் இடத்தில் நிறுத்திவிடுகிறேன், அதற்கு மேல் ஒரு நூல் அளவுகூடப் போகமாட்டேன் என்றார்.

மைதீன் பிச்சை நம்பவில்லை. எத்தனை டாக்டர்களைப் பார்த்தவர். ஆனாலும் கையை நீட்டினார்.

ஏசுவடியான் ஓர் உள்ளங்கையை முழங்கைக்கு அடியிலும், மற்றதை மணிக்கட்டுக்கு அடியிலும் வைத்தார். இன்னும் மடக்க ஆரம்பிக்கவே இல்லை.

"போதும்."

ஏசுவடியான் கையை அப்படியே கட்டிலில் இறக்கி வைத்தார். முகம் சுளிக்கவில்லை.

மறுபடியும் எடுத்தார். கை லேசாக அசைந்தது.

"போதும்."

நிறுத்தினார். இறக்கினார்.

மைதீன் பிச்சை அவர் முகத்தை நன்றாகப் பார்த்தார். பிறகு, கேட்காமலே கையைத் தூக்கி அவருடைய உள்ளங்கைகளில் வைத்தார். இத்தனை நாளும் ஏசுவடியான் அந்தக் கையைப் பிடித்திருக்கிறார். அதன் கனத்தை அன்றுதான் உணர்ந்தார்.

கை மடங்கியது. இன்னும் மடங்கியது. நேற்று அலறிய இடத்தைக் கை கடந்தது. மைதீன் பிச்சையின் நெற்றியில் வேர்வை பூத்தது. போதும் என்ற சொல் மட்டும் வரவில்லை.

ஏசுவடியானுக்குத்தான் பயம் வந்துவிட்டது. மடக்குவதை நிறுத்தினார்.

"பாய், வலிக்கலையா?"

"வலிக்கத்தான் செய்யுது. நீங்க பாட்டுக்கு வாங்க சார். போதும்னா நான் சொல்லுதேன்."