இரண்டு பாதி விலையில் ஒரு குக்கர்

முட்டாள்களைப் பற்றிக் கதை கேட்க ஆசைப்படுகிறவர்கள் ஊர் ஊராக அலைய வேண்டாம். தென்காசிப் பக்கம் எங்கள் வீட்டுக்கு வந்தால் போதும், நாலு பேர் இருக்கிறோம். அண்ணன் சங்கரலிங்கம், மதினி கோமதி, நான், என் மனைவி உலகம்மாள். ஒரே வீடு, ஒரே சமையல். அறிவும் ஒன்றேதான், அதுவும் யாரிடம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. என்னிடம்தான் இருக்கிறது என்று நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். அதிலிருந்தே என்னிடம் இல்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

எங்கள் பழைய குக்கர் அடி வீங்கிப்போய், அடுப்பில் வைத்தால் ஆடத் தொடங்கியது. விசில் வரவேண்டிய நேரத்தில் ஓரத்தில் கஞ்சி வந்தது. வேறு வழியில்லாமல் திறந்த பானையில் சோறு வைத்தோம். அது வெந்து, வடித்து, டப்பாவில் போட்டுக்கொண்டு உலகம்மாள் ஓடுவதற்குள் பஸ் போய்விடும். அவளுக்கு மசாலா கம்பெனியில் பாக்கெட் போடும் வேலை. "இன்னொரு நாள் லேட்டா வந்தா அப்படியே திரும்பிப் போயிருங்கம்மா" என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டுக்கு மாதம் தவறாமல் வருகிற பணம் அவள் சம்பளம் ஒன்றுதான். அண்ணனும் நானும் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருக்கிறோம். அங்கே பெரும்பாலும் எங்கள் சைக்கிளைத்தான் ரிப்பேர் செய்துகொண்டிருப்போம்.

ஆகவே புதுக் குக்கர் வாங்கப் பணம் மிச்சம் பிடிக்க வேண்டும் என்று முடிவானது. அந்த நேரம் பார்த்து ஊரில் புதிதாக ஒரு சூப்பர் மார்க்கெட் திறந்து, ஞாயிற்றுக்கிழமை பேப்பரோடு தாள் தாளாகக் கூப்பன் அனுப்பினார்கள். அரிசிக்கு இவ்வளவு தள்ளுபடி, பருப்புக்கு இவ்வளவு தள்ளுபடி என்று போட்டிருந்தது. நாங்கள் எல்லாவற்றையும் கத்தரித்து ஒரு பையில் திணித்தோம். கடைக்குப் போய்ப் பையைக் கவிழ்த்தால், வேண்டிய கூப்பன் மட்டும் கிடைக்காது.

அடுத்த வீட்டு எஸ்தர் டீச்சர் எங்கள் பாட்டைப் பார்த்து இரக்கப்பட்டுச் சொன்னார். "எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பாதீங்க. அரிசிக் கூப்பனை அரிசிக்குன்னு, எண்ணெய்க் கூப்பனை எண்ணெய்க்குன்னு தனித்தனியா வைங்க. வீட்டுல ஒரு ஒழுங்கு வந்துரும்."

டீச்சர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. அன்றைக்கே அரிசிக் கூப்பனை அரிசி வாளிக்குள் வைத்தோம். எண்ணெய்க் கூப்பனை எண்ணெய்த் தூக்குவாளிக்குள் போட்டோம். சீனிக் கூப்பன் சீனி டப்பாவுக்குள் போனது, மிளகாய்த்தூள் கூப்பன் தூளுக்குள் போனது. மீன் கூப்பனுக்குத்தான் இடமில்லை, ஏனென்றால் வீட்டில் மீன் இல்லை.

"மீன் இல்லாம மீன் கூப்பனை எங்கன வைக்கது?" என்று மதினி கேட்டார்.

"வாங்கிருவோம்" என்றேன் நான். முழு விலை கொடுத்து அரைக் கிலோ சாளை வாங்கி வந்து, கூப்பனை அதன்மேல் பத்திரமாக வைத்தோம். பூனை இரண்டையும் தின்றுவிட்டது.

மற்றவையும் நெடுநாள் தாங்கவில்லை. அரிசிக் கூப்பனை அரிசியோடு களைந்து உலையில் போட்டுவிட்டோம். அன்றைக்குச் சோற்றில் அண்ணன் பல்லில் ஏதோ சிக்கியது, எடுத்துப் பார்த்தால் 'தள்ளுபடி' என்று எழுதியிருந்தது. சீனிக் கூப்பனை எறும்பு இழுத்துப் போயிற்று. எண்ணெய்க் கூப்பன் ஊறி ஊறிக் கண்ணாடி மாதிரி ஆகி, அதன் வழியாகப் பார்த்தால் பில் போடும் பெண்ணின் முகம் தெரிந்தது. மிளகாய்த்தூள் கூப்பனை நீட்டியபோது அந்தப் பெண் தும்மிய தும்மலில் கம்ப்யூட்டரில் எதை அழுத்தினாளோ, எங்களுக்குப் பத்து டஜன் முட்டைக்குப் பில் வந்தது. பேசி, மன்னிப்புக் கேட்டு, கூப்பனையும் விட்டுவிட்டு வந்தோம்.

தப்பித்தது ஒரே ஒரு வகைதான், குக்கர் கூப்பன். அதைப் பழைய குக்கருக்குள் வைத்திருந்தோம். 'குக்கர் பாதி விலை' என்று எழுதியிருந்தது. அண்ணன் தவறுதலாக ஒரே ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேப்பர் வாங்கி வந்ததால் எங்களிடம் இரண்டு கூப்பன் இருந்தன.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. சும்மா இருந்திருக்கலாம்.

"ஒரு கூப்பனுக்குப் பாதி விலை குறையும். ரெண்டு கூப்பன் குடுத்தா ரெண்டு பாதியும் குறைஞ்சிரும். அப்ப குக்கர் சும்மாவே வந்துரும்லா?" என்றேன்.

உலகம்மாள் என்னைப் பெருமையாகப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை.

அண்ணன் மட்டும் கூப்பனைத் திருப்பிப் பார்த்தார். கீழே பொடி எழுத்தில் 'ஒரு குடும்பத்துக்கு ஒரு கூப்பன் மட்டும்' என்று போட்டிருந்தது.

"போச்சு. நாம ஒரு குடும்பமாப் போயிட்டோமே" என்றார்.

ரொம்ப நேரம் யோசித்தோம். கடைசியில் மதினிதான் மெல்லச் சொன்னார். "தனி அடுப்பு வச்சுட்டா தனிக் குடும்பம்தான. ஊர்ல எல்லாரும் அப்படித்தான பிரியுதாங்க."

எங்கள் காஸ் அடுப்பில் இரண்டு பர்னர் உண்டு. இடது அண்ணனுக்கு, வலது எனக்கு. அடுப்பின் நடுவிலிருந்து தொடங்கி வாசல்வரை கோலமாவால் ஒரு கோடு இழுத்தோம். குழாய் அவர்கள் பக்கம் போயிற்று, ஜன்னல் எங்கள் பக்கம் வந்தது. எல்லாம் நியாயமாகத்தான் நடந்தது.

"சண்டை போடாம யாரும் பிரிய மாட்டாங்களே. கடைக்காரன் வந்து விசாரிச்சா?" என்றாள் உலகம்மாள்.

அதுவும் சரிதான். சாயங்காலம் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கும்போது வாசலில் நின்று சண்டை போடுவது என்று தீர்மானித்தோம். எங்கள் நாலு பேருக்கும் அதில் பழக்கமில்லை.

"ஏல இசக்கி, என்னைய ஏதாவது கெட்ட வார்த்தை சொல்லு" என்றார் அண்ணன்.

"எப்படிண்ணே சொல்லுவேன், மூத்தவரு நீங்க."

"பரவால்ல, குடும்பத்துக்காகச் சொல்லு."

யோசித்து யோசித்து, "நீங்க என் குடையைத் தொலைச்சீங்கள்லா" என்றேன், முடிந்த அளவு சத்தமாக.

"ஆமா, தொலைச்சேன். மன்னிச்சுரு தம்பி" என்றார் அண்ணன். சண்டை முடிந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர்கள் இன்னும் ஏதாவது வரும் என்று நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார்கள். ஆனால் மதினி மட்டும் நிஜமாகவே அழுதார். "நான் வந்த நாள்ல இருந்து இந்த வீட்டுல ஒரே உலைதான் கொதிச்சிருக்கு" என்று முந்தானையால் மூக்கைத் துடைத்தார். அன்று இரவு அவர்கள் கோட்டுக்கு அந்தப் பக்கமும் நாங்கள் இந்தப் பக்கமும் உட்கார்ந்து சாப்பிட்டோம். அண்ணன் ரசம் என்னிடம் இல்லை, என் துவையல் அண்ணனிடம் இல்லை. ஒரு குக்கருக்காக இவ்வளவும் வேண்டுமா என்று தோன்றியது. உலகம்மாள் வேலையை நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் உலகம்மாள் அரைகுறையாக வெந்த சோற்றை அள்ளிக்கொண்டு வேலைக்கு ஓடிவிட்டாள். நாங்கள் மூன்று பேரும் இரண்டு குடும்பமாகக் கடைக்குப் போனோம். அண்ணனும் மதினியும் முன்னால் நடந்தார்கள், நான் ஒரு குடும்பத்துக்கு உரிய இடைவெளி விட்டுப் பின்னால் நடந்தேன்.

பில் போடும் பெண் எங்களைப் பார்த்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டாள். இரண்டு கூப்பனையும் ஒரு குக்கரையும் மேசைமேல் வைத்தோம்.

"சார், ரெண்டு கூப்பன் இருந்தா ரெண்டு குக்கர் பாதி விலைக்கு வாங்கிக்கலாம். இல்லன்னா ஒரு கூப்பன் குடுத்து ஒண்ணு வாங்கிட்டுப் போங்க" என்றாள்.

"எங்களுக்கு ஒண்ணு போதும்மா. பாதியும் பாதியும் கழிச்சுட்டுக் குடு" என்றார் அண்ணன்.

"அப்படிக் குடுக்க முடியாது சார்."

"நாங்க ரெண்டு குடும்பம். நேத்து சண்டை போட்டுப் பிரிஞ்சோம். தெருவே பார்த்துச்சு" என்றேன் நான்.

மேனேஜர் வந்தார். அவரும் பொறுமையாக விளக்கினார். ஒரு குக்கருக்கு ஒரு கூப்பன்தான் செல்லும், ஒரு கூப்பனுக்குப் பாதி விலைதான் குறையும், அதை வாங்கிக்கொண்டு போங்கள் என்றார். எங்களுக்கு அதில் ஒரு பெரிய அநியாயம் தெரிந்தது.

"எங்க கூப்பனைக் குடுத்தா தம்பி கூப்பன் வீணாப் போகும். தம்பி கூப்பனைக் குடுத்தா எங்க கூப்பன் வீணாப் போகும். பிரிஞ்ச பொறவு ஒருத்தர் தயவுல இன்னொருத்தர் இருக்கக் கூடாது" என்றார் மதினி.

அண்ணன் கண்ணை மூடி யோசித்தார். "எங்க குடும்பமும் பாதி விலை குடுக்கோம், தம்பி குடும்பமும் பாதி விலை குடுக்கு. ரெண்டு பேருக்கும் பாதி விலையில ஆச்சு. நியாயம் எப்படி?"

மேனேஜர் எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "நிச்சயமாவா?" என்றார். நிச்சயமாகத்தான் என்றோம். எல்லோரும் கையில் இருந்ததைப் போட்டு குடும்பத்துக்குப் பாதி விலை கொடுத்தோம். "இந்தக் கூப்பனுக்கு வேலையே இல்லையே" என்று அவர் இரண்டையும் எங்களிடமே திருப்பித் தந்தார். குடும்பத்துக்குப் பாதி விலைக்குக் குக்கரும் கிடைத்து, கூப்பனும் மிச்சம். வருகிற வழியெல்லாம் அந்த மேனேஜரை நினைத்துப் பாவமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அடுத்த பிரச்சினை. பாதிப் பணம் அவர்களுடையது, பாதி எங்களுடையது. குக்கரைக் கோட்டின் எந்தப் பக்கம் வைப்பது?

"நாங்க மூத்தவங்க. மேல் பாதி எங்களுக்கு" என்றார் மதினி. மூடியும் கேஸ்கட்டும் வெயிட்டும் அவர்கள் பக்கம் போயின. அடிப்பாத்திரம் எங்களுக்கு வந்தது. யாருக்கும் மனக்குறை இல்லை.

வேலை முடிந்து வந்த உலகம்மாள் எவ்வளவு கொடுத்தோம் என்று கேட்டாள். சொன்னேன். எங்கே மூடி என்று கேட்டாள். காட்டினேன். போய்ப் படுத்துவிட்டாள்.

விடிந்ததும் எழுந்து எங்கள் பர்னரில் அடிப்பாத்திரத்தை ஏற்றி, அரிசியும் தண்ணீரும் போட்டாள். அண்ணன் தன் பர்னரில் மூடியை வைத்து, அதன்மேல் வெயிட்டைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். அடுப்பைப் பற்றவைக்கவில்லை, காஸை மிச்சம் பிடிக்கிறாராம்.

உலகம்மாள் தலை சீவி, செருப்பைப் போட்டாள். "நான் கேண்டீன்ல சாப்பிட்டுக்கிடுதேன். மூணு விசில் வந்ததும் அடுப்பை அணைச்சிருங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். வெகுநாளுக்குப் பிறகு பஸ்ஸைப் பிடித்துவிட்டாள். வேலை தப்பித்தது என்று நாங்கள் மூன்று பேரும் கோட்டின் இரண்டு பக்கத்திலும் நின்று சந்தோஷப்பட்டோம்.

சோறு கொதித்தது, பொங்கியது, தண்ணீர் வற்றியது.

"தம்பி, உங்க பக்கம் விசில் வந்துச்சா?"

"இல்லண்ணே. வெயிட்டு உங்ககிட்டதான இருக்கு."

"ஆமா. இங்கன வந்தா சொல்லுதேன்."

லேசாகத் தீய்ந்த வாடை வந்தது. மதினி பதறினார். அண்ணனுக்கு எங்கள்மேல் உயிர். தம்பி வீட்டுச் சோறு கருகுவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இரண்டு விரலை வாயில் வைத்துத் தானே ஒரு விசில் அடித்தார். மூச்சு வாங்கிக்கொண்டு இன்னொன்று அடித்தார். மூன்றாவதுக்கு வெறும் காற்றுதான் வந்தது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதும் அண்ணன் தண்ணீர் குடித்துவிட்டு முயற்சி செய்துகொண்டுதான் இருக்கிறார். வீடு முழுக்கப் புகை. எஸ்தர் டீச்சர் வெளியே நின்று கதவைத் தட்டுகிறார். ஆனால் உலகம்மாள் சொன்னது மூன்று விசில், வந்திருப்பது இரண்டுதான். நான் அடுப்பை அணைக்கவில்லை.