லீவு கேட்காத ஆள்

ஆளுக்குத்தான் பஞ்சம், அதட்டும் வாய்க்குப் பஞ்சமில்லை. அந்த ஆறு மாடிக் கட்டட வேலையை விட்டு எல்லாரும் போய்விட, சித்தாள் அங்கம்மாள் மட்டும் மிச்சம். பேச்சுத்துணைக்கு, வாசலில் தொங்கிய திருஷ்டி பொம்மை.

கான்ட்ராக்டர் குலசேகரன் காரிலிருந்தே கத்தினார்: “டீக்கும் திருவிழாவுக்கும் ஓடுறவங்களாலதான் வேலை நிக்குது. பசிக்காத, லீவு கேக்காத, எதிர்த்துப் பேசாத ஆளைக் கொண்டா. இல்லேன்னா நீயும் கிளம்பு!”

“நாளைக்கே அப்படி ஒரு ஆளைக் கொண்டாந்து நிறுத்திடுறேன் மொதலாளி.”

மறுநாள் கலவை மெஷின் பக்கத்தில் திருஷ்டி பொம்மை நின்றது, கையில் சாந்துச்சட்டியோடு.

“என்ன இது?”

“நீங்க கேட்ட ஆளுதான்.” அங்கம்மாள் தன் சோத்துத் தூக்கை எடுத்துக்கொண்டாள். “ஆனா, கூப்பிட்டா ஏன்னு கேக்காது மொதலாளி. இத்தனை நாள் நான் பேசிப் பாத்துட்டேன். இனிமே நீங்க பேசிப் பாருங்க.”