குருந்தனுக்குப் பசித்த கதை

கரடிமலைக் காப்பித் தோட்டத்துப் பங்களாவுக்குச் சமையல் ஆட்கள் வேண்டும் என்று தகவல் வந்ததும், அடிவாரத்து முண்டுப்பட்டியிலிருந்து நான்கு பேர் கிளம்பினார்கள்.

கல்யாண வீடுகளில் நால்வரும் சேர்ந்துதான் சமைப்பார்கள். சடையப்பன் காய் நறுக்குவான். குருந்தன் அரைப்பான். ஒச்சு கிண்டுவான். பேச்சிமுத்து ருசி பார்ப்பான். ஒருவன் வேலையில் இன்னொருவன் கை வைக்க மாட்டான். ஒருமுறை ஒச்சு விக்கலெடுத்துத் தண்ணீர் குடிக்கப் போனான். பாயசம் கருகி முடியும்வரை மற்ற மூவரும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த வேலை சடையப்பனுக்குத்தான் உயிர். "பங்களா உத்தியோகம் கிடைச்சா தை மாசம் கல்யாணம். இல்லேன்னா பொண்ணுக்கு வேற இடம்" என்று மாமன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

பங்களாத் துரைசாணிக்கு இங்கிலீஷ் மட்டும்தான் தெரியும். அதனால் கிளம்புமுன் தந்தி ஆபீஸ் அய்யாக்கண்ணுவிடம் நால்வரும் பாடம் கேட்டார்கள். பசி, சோறு, தின்பது, போவது எல்லாம் சுலபமாக மண்டையில் ஏறின. கடைசியாக அவர் சொன்னார்:

"ஐ என்றால் நான். யூ என்றால் நீ. ஹீ என்றால் அவன். ஷீ என்றால் அவள். யாரைப் பற்றிப் பேச்சு என்று இந்த நாலும்தான் காட்டும். ஒன்றோடு ஒன்றைக் குழப்பினீர்களோ, வேலை போச்சு!"

மலையேறும்போது குருந்தன் பாதி வழியில் நின்றுவிட்டான்.

"ஏலே, நாலையும் ஒரே மண்டைக்குள்ள போட்டா குழம்பாம என்ன செய்யும்?"

"நாமளும் நாலு பேருதானே? ஆளுக்கு ஒண்ணா வச்சுக்குவோம்" என்றான் சடையப்பன். தன் யோசனையைக் கேட்டு அவனுக்கே புல்லரித்தது.

குருந்தன் 'ஐ'யை எடுத்துக்கொண்டான். சடையப்பனுக்கு 'யூ'. ஒச்சுவுக்கு 'ஹீ'. 'ஷீ' மிஞ்சியது.

"எனக்கு அது வேண்டாம்" என்றான் பேச்சிமுத்து.

"குடுமி உனக்குத்தானேடா இருக்கு?"

பேச்சிமுத்து பின்னந்தலையைத் தடவிப் பார்த்தான். இருந்தது. ஒப்புக்கொண்டான்.

மத்தியானச் சாப்பாடு பிடித்தால் வேலை என்று பங்களாக் காவல்காரர் சொன்னார். நால்வரும் வாசனை ஊரைத் தூக்கும்படி சமைத்தார்கள். துரைசாணி மேசையில் வந்து உட்கார்ந்து, "ஐ ஆம் ஹங்கிரி!" என்றாள்.

மூன்று பேரும் குருந்தனைப் பார்த்தார்கள்.

"உனக்குப் பசிக்குதாம்லே."

"அப்படியா? எனக்கே தெரியலையே!"

"அம்மா கண்டுபிடிச்சிருச்சு பாரு. எவ்வளவு பெரிய மனசு!"

குருந்தனை எதிர் நாற்காலியில் உட்கார வைத்துப் பரிமாறினார்கள்.

"ஐ ஆம் வெரி ஹங்கிரி!" என்று துரைசாணி மேசையைத் தட்டினாள். குருந்தனுக்கு மறுசோறு விழுந்தது. மூன்றாம் முறை தட்டியபோது அவனுக்கு விழி பிதுங்கியது.

"போதும்னு சொல்லுங்கடா!"

"அம்மா விடமாட்டேங்குதேடா."

துரைசாணி அவனைச் சுட்டிக்காட்டி, "ஒய் இஸ் ஹீ ஈட்டிங்?" என்று கத்தினாள். 'ஹீ', தின்பது, இரண்டும் தெளிவாகக் காதில் விழுந்தன. உடனே ஒச்சுவையும் உட்கார வைத்தார்கள். பானை காலியாயிற்று.

துரைசாணி எழுந்து வாசலைக் காட்டினாள். "யூ கோ! யூ கோ!"

சடையப்பனுக்குத் தை மாதம் கண்ணெதிரே கரைந்தது.

"பரிமாறினதுல குறை ஒண்ணுமில்லையே" என்று பேச்சிமுத்து ஆறுதல் சொன்னான். "உன்னைத்தான் ஏனோ பிடிக்கலை. நாங்க மூணு பேரும் இருந்து வேலையைப் பார்த்துக்கிறோம். நீ கவலைப்படாம போ."

சடையப்பன் பங்களா கேட் வரை போனான். அங்கே காவல்காரரின் நாய் படுத்திருந்தது. அதைப் பார்த்ததும் அவன் திரும்பி வந்தான்.

"டேய், போகச் சொன்னது 'யூ'வைத்தானே? 'யூ' நானா இருந்தாத்தானே நான் போகணும்?"

நால்வரும் கூடி வெகுநேரம் பேசினார்கள். நாய்க்குச் சம்மதமா என்று பேச்சிமுத்து நேரில் போய்க் கேட்டான். அது வாலை ஆட்டியது. 'யூ' கைமாறியது.

வழிக்குச் சோறு கட்டித் தர மிச்சமில்லையே என்று நாயிடம் மன்னிப்புக் கேட்டு, அதை வெளியே அனுப்பிக் கும்பிட்டுக் கேட்டைச் சாத்தினார்கள். கல்யாணம் பிழைத்த சந்தோஷத்தில் சடையப்பன் தலைப்பாகையை இறுக்கிக்கொண்டு ராத்திரிச் சாப்பாட்டுக்குக் காய் நறுக்க உட்கார்ந்தான்.

உள்ளேயிருந்து துரைசாணியின் குரல் ஈனசுரத்தில் வந்தது. "ஐ ஆம் ஸ்டில் ஹங்கிரி..."

குருந்தன் கேட்டை ஏறிக் குதித்து நாயின் பின்னால் ஓடினான்.

"நில்லு, நில்லு! இந்த 'ஐ'யையும் நீயே வச்சுக்கோ!"