ஜிகினாத் தாளும் பாறைக்கிழங்கும்

மலையடிவாரக் காட்டில் ஒரு குளம். குளத்துக்கு ஒரு நாட்டாமை. நாட்டாமை ஒரு காட்டெருமை. யார் எந்தக் கரையில் தண்ணீர் குடிப்பது, யார் நிழலில் படுப்பது, யார் வெயிலில் நிற்பது, எல்லாம் அது தலையாட்டினால்தான் நடக்கும்.

அந்தக் காட்டில் ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது. காட்டோரத்தில் மனிதர்கள் வந்து தங்குகிற பங்களா ஒன்று உண்டு. பிறந்தநாள், கல்யாணநாள் என்று அங்கே அடிக்கடி கூத்து நடக்கும். கூத்து முடிந்ததும் ஜிகினாத் தாளையும் ரிப்பனையும் வெளியே வீசிவிட்டுப் போவார்கள். மரத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்த ஒரு குரங்கு, பரிசுப் பொட்டலம் கட்டும் வித்தையைக் கற்றுக்கொண்டது. தாளின் மூலைகளை நேராக மடிக்கும். வேலம்பிசின் தடவி ஒட்டும். குறுக்கும் நெடுக்குமாக ரிப்பன் சுற்றிப் பூ முடிச்சுப் போடும். ரிப்பன் நுனியைப் பல்லில் வைத்து இழுத்துச் சுருள வைக்கும். சும்மா சொல்லக்கூடாது, கைவேலை சுத்தமாகத்தான் இருந்தது.

முன்பெல்லாம் ஒரு வீட்டில் விசேஷம் என்றால், மிருகங்கள் ஒரு பழத்தை வாயில் கவ்விக்கொண்டு போகும். கொடுத்துவிட்டுச் சாப்பிட்டுவிட்டு வரும். இப்போதோ பொட்டலம் இல்லாமல் போனால் வாசலிலேயே ஒரு மாதிரி பார்த்தார்கள். உள்ளே என்ன என்று யாரும் கேட்பதில்லை. பிரிப்பதும் இல்லை. பிரித்தால் தாள் கிழிந்துவிடுமே! ஒருவர் கொடுத்ததை அப்படியே அடுத்த வீட்டு விசேஷத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். நம் வீடுகளில் நடக்காததா என்ன!

குளத்துக்குப் பக்கத்தில் ஒரு வளையில் தாய் முயல் ஒன்று இருந்தது. அதற்கு ஒரே ஒரு குட்டி. அந்தக் குட்டிக்குக் கடுமையான காய்ச்சல். கண்ணைத் திறக்க முடியாமல் சுருண்டு கிடந்தது.

அந்தக் காய்ச்சலுக்கு மருந்து என்ன என்று எல்லா முயலுக்கும் தெரியும். பாறைக்கிழங்கு! அரைத்து நாக்கில் தடவினால் போதும். ஆனால் காய்ச்சல் மண்டைக்கு ஏறுவதற்குள் தடவ வேண்டும். கிழங்கோ பாறைக்கு அடியில் ஆழமாக இருக்கும். முயலின் சின்னப் பாதங்களால் அங்கே தோண்ட முடியாது. தோண்டிப் பார்த்து நகம் பிய்ந்து வந்ததுதான் மிச்சம்.

"நாட்டாமை மனசு வெச்சா கொம்பாலயே பாறையைப் புரட்டிடுவாரு. ஆனா வெறுங்கையோட போய் அவர் முன்னாடி எப்படி நிக்கிறது?" என்று முயல் வளை வாசலில் உட்கார்ந்து அழுதது.

அடுத்த புதரில் ஒரு முள்ளம்பன்றி குடியிருந்தது. மண்ணைத் தோண்டுவதில் அதை மிஞ்ச அந்தக் காட்டிலேயே ஆள் இல்லை. ஆனாலும் அதைக் கேட்கலாம் என்று முயலுக்குத் தோன்றவே இல்லை. முள்ளம்பன்றியை யாரும் எதற்கும் கூப்பிடுவதில்லை. ஒரு தடவை அது மயில் வீட்டு விசேஷத்துக்குப் பொட்டலம் கொண்டு போனது. போய்ச் சேருவதற்குள் முள் குத்தித் தாளெல்லாம் கந்தலாகிவிட்டது. அன்றைக்கு எல்லோரும் சிரித்த சிரிப்பில் கூனிக் குறுகிப் போன பிராணி அது.

முயலின் அழுகை அதன் காதில் விழுந்தது. யாரிடமும் எதுவும் சொல்லாமல் மலைப்பக்கம் போனது. பாறைக்கு அடியில் தலையை நுழைத்துத் தோண்டியது. மூக்கில் ரத்தம் வந்தது. விடவில்லை. கடைசியில் மண்ணும் வேருமாக ஒரு பாறைக்கிழங்கைப் பிடுங்கிவிட்டது.

கிழங்கோடு திரும்பி வரும்போது குரங்கு பார்த்துவிட்டது.

"அடச்சீ! இப்படியேவா கொண்டுபோய்க் குடுக்கப் போறே?"

"மருந்து அண்ணே. முயலக்கா குட்டிக்கு."

"மருந்தா இருந்தா என்ன? மண்ணும் வேருமா நீட்டினா, முள்ளம்பன்றி புத்தி இவ்வளவுதான்னு சொல்ல மாட்டாங்களா? இங்கே குடு. நான் கட்டித் தர்றேன் பார்!"

முள்ளம்பன்றிக்கு மயில் வீட்டுச் சிரிப்பு நினைவுக்கு வந்தது. கிழங்கைக் கொடுத்துவிட்டது.

குரங்கு மண்ணைத் தட்டியது. வேரைக் கிள்ளியது. காலி இனிப்புப் பெட்டி ஒன்றில் கிழங்கை வைத்தது. பச்சை வாடை வெளியே வரக்கூடாது என்று மேலே செண்பகப்பூவைத் திணித்தது. தங்க நிற ஜிகினாத் தாளைச் சுற்றிச் சிவப்பு ரிப்பன் கட்டியது. பார்த்தால் யாருக்கும் ஆசை வரும்.

"ஒரு விஷயம். உள்ளே என்னன்னு வாயைத் திறந்து சொல்லிடாதே. சொன்னா பரிசுக்கே மரியாதை போயிடும். நாகரிகம் தெரிஞ்சவன் சொல்ல மாட்டான்!" என்றது குரங்கு.

நாகரிகம் தெரியாதவன் என்று பேர் வாங்க முள்ளம்பன்றிக்கு மனமில்லை. முள் படாமல் பொட்டலத்தை வாயில் கவ்விப் பைய நடந்து முயல் வளைக்கு வந்தது. குட்டியின் மேல் முள் குத்திவிடுமோ என்று பயந்து வாசலிலேயே நின்றது.

"முயலக்கா, இது உங்களுக்கு."

"எனக்கா! அடேயப்பா, எவ்வளவு அழகா இருக்கு!"

"பிரிச்சுப் பாருங்கக்கா."

"பாக்கறேன், பாக்கறேன்."

"இன்னைக்கே பிரிச்சுப் பாருங்க."

"சரி தம்பி!"

இன்னும் ஒரு வார்த்தை சொல்ல முள்ளம்பன்றி வாயெடுத்தது. குரங்கு சொன்னது ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டு போய்விட்டது. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாதா!

முயல் ரிப்பனில் கை வைத்தது. பிறகு கையை எடுத்துக்கொண்டது. மறுநாள் நாட்டாமை வீட்டுக் கன்றுக்குக் காதுகுத்து. ஊரே போகும். இவ்வளவு அழகான பொட்டலத்தைக் கொண்டு போனால் நாட்டாமை முகம் கொடுத்துப் பேசும். கிழங்கு வேண்டும் என்று தைரியமாகக் கேட்கலாம். பிரித்துவிட்டால் இந்த மடிப்பும் முடிச்சும் திரும்ப வருமா?

'உள்ளே என்ன பெரிசா இருந்துடப் போகுது? முள்ளம்பன்றிதானே! ஏதாவது வேரோ கிழங்கோ இருக்கும்' என்று நினைத்தது அந்த முட்டாள் தாய்.

குட்டி லேசாகக் கண்ணைத் திறந்தது. "அம்மா, பளபளன்னு இருக்கே, என்னம்மா அது? நான் தொட்டுப் பாக்கட்டுமா?"

"வேண்டாம் கண்ணு, கசங்கிடும். இது நமக்கில்லே, நாட்டாமை வீட்டுக்கு. இதைக் குடுத்துத்தான் உனக்கு மருந்து வாங்கணும்."

குட்டி கையை மடக்கிக்கொண்டு மறுபடியும் கண்ணை மூடியது.

மறுநாள் காதுகுத்து அமர்க்களமாக நடந்தது. குளக்கரை மருதமரத்தடியில் பொட்டலங்கள் மலைபோல் குவிந்தன. எல்லாம் தங்கத் தாள்! எல்லாம் சிவப்பு ரிப்பன்! குரங்குக்குப் பெருமை தாங்கவில்லை. முயல் தன் பொட்டலத்தை நீட்டியதும் நாட்டாமை மனைவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

"மூலையெல்லாம் எவ்வளவு நேரா இருக்கு! வா முயலு, முன்னாடி வந்து உக்காரு!"

முயலுக்கு அப்படி ஒரு மரியாதை அதுவரை கிடைத்ததே இல்லை. அது நாட்டாமையின் பக்கத்தில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

"ஐயா, குட்டிக்குக் காய்ச்சல். ஒரு பாறைக்கிழங்கு வேணும். நீங்க கொஞ்சம் மனசு வெக்கணும்."

"பூ! இவ்வளவுதானா? உனக்கில்லாததா! விருந்து முடியட்டும். நாளைக்கு நானே வந்து பேத்துத் தர்றேன்!"

முயல் குதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தது. வாசலில் முள்ளம்பன்றி காத்திருந்தது.

"அக்கா, குட்டிக்கு இப்போ தேவலையா?"

"இல்லே தம்பி. ஆனா கவலை இல்லே! நாட்டாமை நாளைக்குப் பாறைக்கிழங்கு தர்றேன்னு சொல்லிட்டாரு!"

"ஏன்? நான் குடுத்த கிழங்கை அரைச்சுக் குடுக்கலையா?"

"நீ குடுத்த கிழங்கா? எந்தக் கிழங்கு?"

"பொட்டலத்துக்குள்ளே இருந்ததே, அக்கா!"

முயலுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. புரிந்ததும் வளைக்குள் கூடப் போகவில்லை. விழுந்தடித்துக் குளத்துக்கு ஓடியது. முள்ளம்பன்றியும் பின்னாலேயே ஓடியது.

"ஐயா! நான் குடுத்த பொட்டலத்தைத் திருப்பிக் குடுங்க! அதுக்குள்ளேதான் கிழங்கு இருக்கு!" என்று முயல் கதறியது.

நாட்டாமை மனைவிக்கு முகம் சுருங்கியது. "குடுத்ததைத் திருப்பிக் கேக்கறதா? நல்ல வழக்கமா இருக்கே!"

"அதான் நாளைக்குத் தர்றேன்னு சொன்னேனில்லே!" என்றது நாட்டாமை.

"நாளை வரைக்கும் குட்டி தாங்குமோ என்னவோங்க. தயவுபண்ணி இப்பவே பிரிச்சுப் பாக்க விடுங்க!"

எது முயலின் பொட்டலம் என்று யாருக்குத் தெரியும்? எல்லாம் ஒரே தாள், ஒரே ரிப்பன். ஒவ்வொன்றாகப் பிரித்தால்தான் கிடைக்கும்.

"பிரிக்கக் கூடாது!" என்று மயில் முதலில் கத்தியது.

"ஊர் முன்னாடி பிரிச்சா எங்களுக்கு என்ன மரியாதை?" என்றது நரி.

"பிரிக்கவே கூடாது!" என்றது காட்டுப்பன்றி.

விருந்து சாப்பிட்ட அத்தனை வாயும் அதையே சொன்னது. எவ்வளவு ஒற்றுமை! ஒரு குட்டியின் உயிரை விடப் பொட்டலத்தின் முடிச்சு அவர்களுக்குப் பெரிதாகப் போய்விட்டது. ஏன் என்று உடனே தெரியத்தான் போகிறது.

முள்ளம்பன்றி அதற்கு மேல் பொறுக்கவில்லை. முள்ளையெல்லாம் சிலிர்த்துக்கொண்டு குவியலுக்குள் பாய்ந்தது. உருண்டது, புரண்டது. தாள் சரசரவென்று கிழிந்தது. ஒரு பொட்டலத்திலிருந்து காய்ந்த சருகு கொட்டியது. ஒன்றிலிருந்து கூழாங்கல் உருண்டது. ஒன்றில் தின்று துப்பிய மாங்கொட்டை. மயில் கொண்டுவந்த பெரிய பொட்டலத்தில் காற்றைத் தவிர எதுவும் இல்லை. எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். பிறகு தரையைப் பார்த்தார்கள்.

குவியலின் அடியில் கிழங்கு கிடைத்தது. அத்தனை பொட்டலத்திலும் உருப்படியாக இருந்த பொருள் அது ஒன்றுதான்.

முயல் அதைக் கவ்விக்கொண்டு பறந்தது. முள்ளம்பன்றியும் பின்னாலேயே ஓடிவந்து வாசலில் நின்றது. வளைக்குள் நுழைந்ததும் குட்டியின் நெற்றியில் கன்னத்தை வைத்துப் பார்த்தது. நெற்றி சுடவில்லை!

"காய்ச்சல் விட்டுடுச்சு! தம்பி, காய்ச்சல் விட்டுடுச்சு!" என்று சந்தோஷத்தில் கத்தியது.

கத்திவிட்டுக் குட்டியைத் தூக்கியது. தலை ஒரு பக்கமாகத் துவண்டு விழுந்தது. அப்போதுதான் முயலுக்குத் தெரிந்தது. கிழங்கு அதன் காலடியில் கிடந்தது. முயல் அழக்கூட இல்லை. குட்டியை மடியில் போட்டுக்கொண்டு நாவால் தடவிக்கொடுத்துக்கொண்டே இருந்தது.

அன்று சாயங்காலம் குளக்கரையில் பஞ்சாயத்து கூடியது. குட்டி செத்ததற்காக அல்ல! பரிசுகளைக் கிழித்து ஊரை அவமானப்படுத்திய முள்ளம்பன்றிக்குத் தண்டனை கொடுப்பதற்காக. இனி அது குளத்துத் தண்ணீரைத் தொடக்கூடாது என்று நாட்டாமை தீர்ப்புச் சொன்னது. எல்லோரும் தலையாட்டினார்கள். குரங்கு எல்லோரையும் விட வேகமாக ஆட்டியது.

பஞ்சாயத்து முடிந்ததும் எல்லோரும் முயல் வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தார்கள். வெறுங்கையோடு வரவில்லை. ஆளுக்கொரு பொட்டலம்! துக்கத்துக்குச் சிவப்பு ஆகாது என்று குரங்கு வெள்ளை ரிப்பன் கட்டிக் கொடுத்திருந்தது.

"ஆறுதலுக்கு எங்களால முடிஞ்சது," என்று மயில் தன் பொட்டலத்தை முன்னால் வைத்தது.

முயல் அதை எடுத்தது. மயிலின் கண்ணெதிரிலேயே பிரித்தது. உள்ளே ஒன்றும் இல்லை. நரியுடையதைப் பிரித்தது. ஒன்றும் இல்லை. காட்டுப்பன்றியுடையதைக் கையில் எடுக்கும்போது காட்டுப்பன்றி அங்கே இல்லை. ஒவ்வொருவராக நழுவிப் போய்விட்டார்கள்.

முள்ளம்பன்றி மட்டும் வாசலில் நின்றது. "அக்கா, உள்ளே மருந்து இருக்குன்னு நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

"ஆமா, சொல்லியிருக்கணும்," என்றது முயல். "நீ சொல்லாட்டியும் நான் பிரிச்சிருக்கணும். என் பிள்ளை அதைத் தொட்டுப் பாக்கணும்னு கேட்டான். கசங்கிடும்னு சொல்லிட்டேன்."

மேலே சுற்றிய தாளுக்கே மரியாதை செய்து பழகியவர்கள், உயிர் காக்கும் மருந்து கைக்கு வந்தாலும் அதைப் பிரித்துப் பார்க்காமலே இழந்துவிடுவார்கள்.