வெற்றி விருந்து

கருங்கோட்டை என்றொரு நாடு. அதை வெகு காலத்துக்கு முன்பு வல்லபதேவன் என்ற ராஜா ஆண்டு வந்தான். காலையில் ஒரு சட்டம் போடுவான், சாயங்காலம் அதையே மாற்றுவான். புகழ்ந்து பேசினால் முத்துமாலை, முகம் சுளித்தால் சவுக்கடி. அவன் காதுக்கு எந்தச் செய்தி போகலாம், எது போகக்கூடாது என்று தீர்மானித்தவர் மந்திரி நம்பிராயர். அரண்மனைக்கு வரும் ஓலையெல்லாம் அவர் கையைத் தாண்டித்தான் ராஜாவிடம் போகும்.

அந்த வருஷம் ராஜா வடக்கே படை அனுப்பினான். ஆயிரம் பேர் போனார்கள். இரண்டு மாதம் கழித்து நம்பிராயர் சபையில் எழுந்து, "மகாராஜா, மாபெரும் வெற்றி! நம் பக்கம் இறந்தது வெறும் நாற்பத்தொரு பேர்!" என்றார். ஊரெல்லாம் தோரணம் கட்டச் சொன்னான் ராஜா. அதோடு, பத்து நாளில் இரண்டாவது படை புறப்பட வேண்டும், வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்று தண்டோராவும் போட்டார்கள்.

படை போனதும் வந்ததும் ஒரே ஆற்றுத்துறை வழியாகத்தான். அங்கே கூத்தன் என்பவர் ஓடம் ஓட்டிக்கொண்டிருந்தார். நாட்டு நடப்பைப் பற்றி மனசில் பட்டதை ஒளிக்காமல் பேசுகிற ஆள். "போகும்போது அம்பது நடை அடிச்சேன். வரும்போது பதினோரு நடையிலேயே எல்லாரும் வந்து சேர்ந்தாச்சு. இதுக்குப் பேரு வெற்றியாய்யா? மறுபடியும் ஆள் கேக்கறாங்களே, போனவங்க எங்கேன்னு யாராச்சும் கேட்டீங்களா?" என்று ஓடத்தில் ஏறியவர்களிடமெல்லாம் சொன்னார்.

மூன்றாம் நாள் கைவிலங்கோடு அவரைச் சபையில் நிறுத்தினார்கள்.

"துடுப்புப் போடுகிறவனுக்கு ராஜாங்கத்தைப் பற்றி என்னடா கருத்து?" என்று சீறினார் நம்பிராயர். "மகாராஜா, ஆற்றைக் கடந்து வந்தவர்களும் மீதி வீரர்களும் மலையடிவாரப் பாசறையில் இருக்கிறார்கள். அடுத்த போருக்காக அவர்களை வீட்டுக்கு விடாமல் அங்கேயே நிறுத்தியிருக்கிறேன். இவன் ஊரைக் கலைக்கிறான்."

ராஜாவுக்கு விளையாட்டுப் புத்தி வந்தது. "ஓடக்காரா, ஒரே ஒரு கேள்வி. நாம் வென்றோமா, தோற்றோமா? தோற்றோம் என்றால் உன் தலை போகும். வென்றோம் என்றால், இத்தனை நாள் பொய் சொன்ன உன் நாக்கு போகும். சொல்!"

சபை சிரித்தது. கூத்தன் விலங்கிட்ட கையைக் கூப்பினார்.

"ஜெயிச்சோம் மகாராஜா. ராயர் சொன்னா சரியாத்தான் இருக்கும். நாக்கைத் தாராளமா எடுத்துக்கங்க. ஆனா ஜெயிச்சு வந்தவங்களுக்கு நம்ம அரண்மனையில ஒரு வேளை சோறு போடலியே? அவங்க உக்காந்து சாப்பிடறதைப் பாத்துட்டு அப்புறம் நாக்கைக் குடுக்கறேன்."

ராஜாவுக்கு அது பிடித்துப் போயிற்று. "நாளை மத்தியானம் விருந்து! ராயரே, பாசறையிலிருந்து எல்லோரையும் அழைத்து வாரும்!"

நம்பிராயரின் முகம் வெளுத்தது. இருந்தாலும் தலையை ஆட்டி வைத்தார்.

மறுநாள் அரண்மனை முற்றத்தில் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பது இலை விரித்தார்கள். ஒன்றுகூடக் காலியில்லை. எல்லா இலைக்கும் பின்னால் தலைப்பாகை கட்டிய ஆள் உட்கார்ந்திருந்தான்.

"பார்த்தாயா?" என்றான் ராஜா.

கூத்தன் வரிசைகளை ஒரு முறை பார்த்தார். "பாத்தேன் மகாராஜா. ஒரே ஒரு விண்ணப்பம். அவங்கவங்க வீட்டுப் பொம்பளைங்க விருந்துன்னு கேட்டு வாசல்ல காத்திருக்காங்க. அவங்க கையாலேயே சோறு போடட்டும்."

"இது வேண்டாம் மகாராஜா, கூட்டம் தாங்காது..." என்று நம்பிராயர் குறுக்கே வந்தார்.

"வெற்றி வீரனுக்கு மனைவி சோறு போடக்கூடாதா?" என்றான் ராஜா. கதவைத் திறந்தார்கள்.

சோற்றுப் பாத்திரங்களோடு பெண்கள் உள்ளே வந்தார்கள். தன் ஆளைக் கண்டவள் ஓடிப் போய் இலையில் சோற்றைத் தட்டி, அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அப்படிச் சோறு விழுந்தது இருநூற்றுப் பன்னிரண்டு இலையில்தான். மற்றவர்கள் வரிசை வரிசையாக நடந்தார்கள். முகம் முகமாகப் பார்த்தார்கள். கடைசி வரை போய், திரும்பி வந்து, மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார்கள்.

தேவானை என்கிற ஒருத்தி கடைசி வரிசையில் ஓர் இலைக்கு முன்னால் நின்றுவிட்டாள். உட்கார்ந்திருந்தவன் அவளை நிமிர்ந்து பார்க்க முடியாமல் தலைப்பாகையை அவிழ்த்தான். "அம்மா, நான் சிறையில கிடந்தவன். இங்க வந்து உக்காந்தா சோறு போடறோம்னு கூட்டியாந்தாங்க. என்னை மன்னிச்சிடும்மா."

ராஜா இறங்கி வந்தான். "யாரைத் தேடுகிறாய் அம்மா?"

"என் மகனுங்க ரெண்டு பேரைங்க. நேத்து வரைக்கும் பாசறையில இருக்கானுங்கன்னு நெனச்சிட்டிருந்தேன்."

ராஜா சோறு விழாத இலைகளைப் பார்த்தான். பிறகு நம்பிராயரின் பதவி மோதிரத்தைக் கழற்றச் சொன்னான். "செத்தவன் வீட்டுக்கெல்லாம் நீர் நடந்து போக வேண்டும். வாசலில் நின்று அவன் பேரைச் சொல்லி, இறந்துவிட்டான் என்று உம் வாயாலேயே சொல்ல வேண்டும். ஒரு வீட்டையும் விடக்கூடாது." இரண்டாவது படையும் அன்றே கலைந்தது.

கூத்தனின் விலங்கை அவிழ்த்து, "உனக்கு என்ன வேண்டும்? மந்திரி பதவி தரட்டுமா?" என்றான் ராஜா.

"பதவி வேணாம் மகாராஜா. மனசுல பட்டதைச் சொன்னா விலங்கு கிடையாதுன்னு ஒரு வார்த்தை குடுங்க, போதும்."

"கொடுத்தேன்" என்றான் ராஜா.

நம்பிராயர் எல்லா வீட்டையும் முடிக்க இரண்டு மாதம் ஆயிற்று. பாதி வீட்டில் அவருக்குக் கதவே திறக்கவில்லை. சாத்திய கதவைப் பார்த்துப் பேரைச் சொல்லிவிட்டு அடுத்த வாசலுக்குப் போனார்.

ராஜா திருந்திவிட்டான், நல்ல ராஜா என்று சனங்கள் பேச ஆரம்பித்தார்கள். சந்தையில் ஒருவர் கூத்தனிடமே அதைச் சொன்னார்.

"ராயர் பொய் சொன்னார், சரி. படையை அனுப்பினது யாரு?" என்றார் கூத்தன். பக்கத்தில் இரண்டு காவலர் நின்றிருந்தார்கள். அவர் சத்தமாகத்தான் சொன்னார். காவலர் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவரும் அவரைத் தொடவில்லை.